தை மாசத்துப் பலாப்பழம்

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை தேவயானி, தென்னேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, சம்பந்தி ஆகப்போகிறவர்கள் வீட்டில் கை நனைக்க வந்திருந்தாள். அவளுடைய மகன் பீட்டருக்கும் அந்த வீட்டுப் பெண் ஷீபாவுக்கும் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கல்யாணம்.

ஓலை என்று பெயர்தானே தவிர, அது ஒரு தாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாதா கோயிலில் ஆராதனை முடிகிற நேரத்தில், ஊரில் ஐயர் என்று கூப்பிடுகிற உபதேசியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அதிலிருந்து வாசிப்பார். வாசித்துவிட்டு, “இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்” என்று கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்ப்பார். அந்த அரை நிமிஷம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மூச்சு நிற்கும். பாறைமேட்டுக் காலனியில் இதுவரை யாரும் ஆட்சேபணை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற ஆடு கத்திவிட்டது. அந்தத் தம்பதிக்கு இப்போது மூன்று பிள்ளைகள். இன்னமும் அந்த வீட்டில் சண்டை வந்தால், “ஆடு அன்னிக்கே சொல்லிச்சி” என்பார்கள்.

உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம் போனால் அந்தக் காலனி. பின்னால் வரிசையாகக் கல்குவாரிகள். ஜல்லி உடைக்கும் கிரஷர்களின் தூசியில் புளியமரத்து இலைகூட மாவு சலித்த மாதிரி வெள்ளையாக இருக்கும். ஷீபாவின் அப்பா ஞானதாஸ் முப்பது வருஷமாக அங்கே கம்ப்ரசரில் பாறைக்குக் குழி போடுகிறவர். மிஷின் சத்தத்தில் காது மந்தமாகி, ரகசியம் பேசுவதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பீட்டர் அதே குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறான். லாரி அளவு கல்லைப் புரட்டுகிற ஆள். உத்திரமேரூரில் ஒரு லேபில் வேலை செய்யும் ஷீபா, மருத்துவ முகாமுக்காகக் குவாரிக்கு வந்து அவன் கையில் ஊசி வைத்தபோது மயங்கி விழுந்தான். அவளே தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அங்கே ஆரம்பித்த கதை இந்த ஓலையில் வந்து நின்றது.

ஷீபாவின் அம்மா அம்முலு அன்று கோழிக் குழம்பு, மசால் வடை, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுத் தொக்கு, பாயசம் என்று அடுப்பை விட்டு நகரவில்லை. தேவயானி மூன்றாவது தடவை சோறு வாங்கியதைப் பார்த்து ஞானதாஸ் மனைவியிடம் ரகசியமாக, தெருமுனை வரை கேட்கிற குரலில், “சம்மந்திக்குப் புட்சிப் போச்சிமே!” என்றார்.

“புட்ச்சித்தான் கீது. அதுக்கு ஏண்ணா மைக்கு?” என்று சிரித்துக்கொண்டே தேவயானி கை கழுவப் பின்பக்கம் போனாள். போனவள் மூக்கை உறிஞ்சினாள். முகம் மலர்ந்தது.

“யாரு வூட்ல பலாப்பயம் அறுக்கறாங்க? தை மாசத்துல ஏதுமே பலாப்பயம்?”

ஷீபா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைக்க ஆரம்பித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள்தான் பேசினாள்.

“அது கம்பெனி பலாப்பயம் அண்ணி. கேக்காமலே வூட்டு வூட்டுக்கு வரும்.”

ஆழமாகத் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குவாரிக் குட்டையை ஒட்டி, ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி வந்தது. மருந்துத் தொழிற்சாலைகள் உபயோகித்துக் கழித்த திரவங்களை டேங்கரில் கொண்டுவந்து, காய்ச்சி வடித்து, மறுபடி விற்கிற இடம். பெயர்ப்பலகையில் நீளமாக என்னவோ எழுதியிருந்தது. காலனிக்கு அது காஸ் கம்பெனி. காய்ச்சும்போது மிஞ்சியதை வானத்துக்கும் குட்டைக்கும் விட்டுக்கொண்டிருந்தது. காலனிப் பெண்கள் அந்த நாற்றங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நெயில் பாலிஷ், மூட்டைப்பூச்சி மருந்து, பலாப்பழம். பெரும்பாலும் பனி இறங்கும் விடியற்காலையில் வரும். அன்று ஏனோ பட்டப்பகலில் வந்தது.

பலாப்பழ வாசனை இரண்டு நிமிஷம் இனிக்கும். பிறகு கண்ணைக் கரிக்கும், தொண்டையில் ரம்பம் போடும். தேவயானிக்கு மூன்றாவது நிமிஷமே குமட்டியது. ஷீபா ஈரத்துண்டை அவள் மூக்கில் வைத்து, தோளை அணைத்து, “காத்து மேக்கேர்ந்து அடிக்குது அத்தே, அதுக்குக் குறுக்கால போயிடலாம், வாங்க” என்று வடக்கே மாதா கோயில் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். பீட்டரும் அம்முலுவும் பின்னாலேயே ஓடினார்கள். வழியெல்லாம் வாந்தி. கோழிக் குழம்பும் வடையும் பாயசமும் போயின. ஷீபா முகம் சுளிக்காமல் தலையைப் பிடித்துக்கொண்டாள், வாயைக் கழுவிவிட்டாள், பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, தேதி, நேரம், காற்றின் திசை, ‘பலாப்பழம் – கடுமை’, யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுதினாள். இரண்டு வருஷமாக எழுதி வருகிற நோட்டு அது.

ஒரு மணி நேரம் கழித்து, கோயில் நிழலில் பாயில் சாய்ந்திருந்த தேவயானி கண்ணைத் திறந்தாள்.

“பீட்டரு.”

“சொல்லும்மா.”

“பொண்ணு தங்கம். ஊரு வாணாம்.”

“இன்னாம்மா சொல்ற?”

“கல்யாணம் ஆனா நீ இங்கத்தானே குடித்தனம் பண்ணுவ? பொண்ண இட்டுக்கினு தென்னேரிக்கு வந்துடு. நம்ம ஏரிக் காத்துக்கு இன்னா கொறச்சல்?”

“அங்க வந்து பொக்லைன வச்சிக்கினு இன்னா பண்றது? ஏரியத்தான் தோண்டணும்.”

“நக்கலா?” என்று அவள் ஷீபாவைப் பார்த்தாள். “நீ சொல்லும்மா. நீ வரியா?”

ஷீபாவின் குரல் தணிந்திருந்தது. “புதன்கெயம இங்க ஹியரிங் கீது அத்தே, கவர்மெண்டுல வந்து ஜனங்க கருத்தக் கேக்கறாங்க. கம்பெனியப் பெருசாக்கப் போறாங்களாம், இன்னும் ரெண்டு பாய்லர். நாங்கல்லாம் ஆட்சேபணை சொல்லப் போறோம். இந்த நேரத்துல நான் எப்டி வுட்டுட்டு வருவேன்? அல்லாரும் போய்ட்டா அப்பறம் கம்பெனி ஒண்டிதான் இங்க இருக்கும்.”

“என் பெரிய பொண்ணு டவுனாண்ட ஒரு கம்பெனிக்குப் பின்னால வூடு எடுத்துக்கினு இருந்தா. ரெண்டு தபா கலைஞ்சி போச்சி. காத்துதான் காரணமான்னு டாக்டரம்மாவ கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. இன்னொரு தபா அத என்னால பாக்க முடியாதும்மா.” தேவயானி எழுந்து புடவையை உதறினாள். “நீ வர மாட்டேன்ற. அவன் இத்த வுட்டு வர மாட்டேன்றான். சரி. மூணாவது ஓல அன்னிக்கி நானே வருவேன். ஐயரு கேப்பாரில்ல? எயுந்து நின்னு, ஆட்சேபணை கீதுன்னு சொல்லிடுவேன்.”

“அண்ணி!” என்றாள் அம்முலு. அதற்குமேல் இருமல்தான் வந்தது.

*

மறுநாள் அம்முலு உபதேசியாரைப் போய்ப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். அவருடைய இருபத்தைந்து வருஷ ஊழியத்தில் இது புதிது.

“மாப்ளயோட அம்மாவே எழுந்து சொல்லிட்டா, நான் நிறுத்தி விசாரிச்சித்தான் ஆவணும். ஆனா ஒண்ணு. அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னால நீ எழுந்துடு. ‘யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க, எல்லாம் பேசி முடிச்சாச்சு’ன்னு கணீர்னு சொல்லிடு. நான் டக்குனு ஜெபத்த ஆரம்பிச்சிடறேன். ஜெபத்து நடுவுல யாரும் பேச மாட்டாங்க.”

அம்முலு நடவு ஆள். நவரைப் பட்டத்துக்கு நாற்று நட அப்போது வேலை தலைக்குமேல் இருந்தது. சேற்றில் வரிசையாகக் குனிந்து நின்ற பன்னிரண்டு பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சிட்டம்மாள் வாத்தியார் வேலையை எடுத்துக்கொண்டாள்.

“சொல்லுமே. யாருக்கும் ஒரு…”

“யாருக்கும் ஒரு ஆச்சேபணையும்…”

“ஆச்சே பண இல்லமே, ஆட்சே பணை. ஆட்டுக்குட்டிக்கு ஆ, ட்டு.”

“வாயில பூர மாட்டேங்குதே. வேற வார்த்த கெடையாதா? ‘தகராறு’ன்னு சொன்னா ஆவாதா?”

“யாருக்கும் ஒரு தகராறும் இல்லீங்கன்னு கோயில்ல நின்னு சொல்லு. அவ்ளோ ஜனமும் சிரிப்பாங்க, அந்தச் சிரிப்புலயே கல்யாணம் நின்னுடும்.”

நாற்று முடியை உதறி, நான்கு நான்காகக் கிள்ளி, சேற்றில் ஊன்றி, பின்னால் ஒரு எட்டு வைக்கும்போதெல்லாம் அம்முலு அதைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அந்த வாக்கியம் அவள் வாயில் பாட்டு மாதிரி உட்கார்ந்துவிட்டது.

வீட்டிலோ ஷீபா அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். காலனி சார்பாக ஹியரிங்கில் பேசப்போவது ஞானதாஸ். “நைனா, இன்னொரு தபா சொல்லு. எங்களுக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு.”

“எங்களுக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு!” என்று அவர் முழங்குவார்.

அடுப்பங்கரையிலிருந்து, “யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க” என்று அம்முலு சொல்லிப்பார்ப்பாள்.

சாப்பிட வந்த பீட்டர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். “வூட்ல மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க மாமா” என்றான்.

அன்று சாயந்திரமும் நெயில் பாலிஷ் வந்தது. அம்முலுவின் இருமல் நிற்கவில்லை. புதன்கிழமை விடியற்காலையிலேயே நடவுக்குப் போய், பத்து மணிக்குச் சேறு காய்ந்த காலோடு திரும்பி, இருமல் டானிக்கை மூடியில் ஊற்றாமல் பாட்டிலோடு இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, ஹியரிங் நடக்கிற பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள்.

*

சிவப்பும் வெள்ளையுமாக ஷாமியானா. மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, தெற்கத்திக்காரர். பக்கத்தில் லேப்டாப்போடு ஸ்ரீவித்யா என்கிற பெண்; நடப்பதையெல்லாம் தட்டச்சு செய்கிறவள். ஒரு வீடியோக்காரர். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேதகிரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், எல்லோருக்கும் தண்ணீர் பாட்டிலும் குஸ்கா பொட்டலமும் கொடுத்துக்கொண்டிருந்தான். காலனி ஜனங்கள் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிட்டம்மாள் குஸ்காவையும் வாங்கிக்கொண்டாள். “துன்னுட்டுத் திட்டினா ஆவாதா இன்னா?” என்றாள்.

கம்பெனி மேனேஜர் திரையில் படம் காட்டிப் பேசினார். மரம் நடுவோம் என்றார், வேலை தருவோம் என்றார். குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்முலுவுக்கு டானிக் வேலை செய்ய ஆரம்பித்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

தேவயானி வந்தது அப்போதுதான். ஞாயிறுவரை காத்திருக்காமல் முகத்துக்கு முகம் பேசி முடித்துவிடலாம் என்று வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாள். ஆனால் வெறுங்கையோடு வர மனசு வராமல், தென்னேரி ஏரியில் காலையில் பிடித்த விரால் மீன் நாலு ஒயர் பையில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது. ஊரே மைதானத்தில் இருந்தது. அம்முலுவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. தூங்குகிறவளை எழுப்பாமல், பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி மைக்கைத் தட்டினார். “இந்த விரிவாக்கத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.”

அம்முலுவின் காதில் கடைசி நாலு வார்த்தைதான் விழுந்தது. கண்ணைத் திறந்தாள். எதிரே மேடை. மேடையில் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஒருவர். எல்லோரும் கப்சிப். பக்கத்தில், அய்யோ, தேவயானி! தேவயானி அந்த நேரம் பார்த்து மீன் பையை நகர்த்தி வைக்க எழுந்தாள்.

அம்முலு துள்ளி எழுந்தாள்.

“யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க! எல்லாம் பேசி முடிச்சாச்சு!”

கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. நடவு வயலில் அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

வேதகிரி கை தட்டினான். மேனேஜர் தட்டினார். ஸ்ரீவித்யாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடின. ஞானதாஸ் கையிலிருந்த தாளோடு திரும்பி மனைவியைப் பார்த்தார். ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி, ஹியரிங்மே இது!” என்றாள் சிட்டம்மாள்.

முன்வரிசையில் யாரோ, “பேசி முடிச்சாச்சாமே? எத்தினிக்கு?” என்று கேட்டார்கள். அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. முப்பது வருஷமாக ஒன்றாக நடவு நட்டவர்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்முலுவுக்குத் தூக்கம் கலைந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்தது. “நான் இத்த சொல்லல… நான் ஓலைக்கி…” என்று அவள் சொன்னது இருமலில் கரைந்தது.

ஷீபா மேடைக்கு ஓடினாள். “சார், எங்கம்மா தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டாங்க, அத்த எடுத்துடுங்க.”

“அதெப்டி?” என்று வேதகிரி குறுக்கே வந்தான். “வீடியோல கீது. காலனிக்காரம்மா, அதுவும் ஞானதாஸ் சம்சாரம், அவங்க வாயால சொன்னது. புட்ச்சா வச்சிக்கறது, புட்க்கலன்னா எடுத்துடறதா?”

அதிகாரி தயங்கினார். “சொன்னதைச் சும்மா நீக்க முடியாதும்மா. எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னு யாராவது தெளிவுபடுத்தினா பதிவு பண்ணிக்கிடலாம்.”

அம்முலு அழுதுகொண்டிருந்தாள். சேறு காய்ந்த அந்தக் கால் விரல்களைத் தேவயானி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லையே என்று, பஸ் ஏறுகிறவரை கையில் எலுமிச்சம்பழமும் சர்க்கரையுமாக ஓடிவந்த கால் அது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மைக்குக்கு நடந்தாள். மீன் பையை வைக்க மறந்து, கையோடு கொண்டுபோனாள்.

“நான் சொல்றேன் சார். அவங்க சொன்னது கம்பெனிக்கி இல்ல. என் புள்ள கல்யாணத்துக்கு.”

“கல்யாணமா?”

“ஞாயித்துக்கெயம மூணாவது ஓல. ஆட்சேபணை கீதான்னு ஐயரு கேப்பாரு. நான் எயுந்து சொல்லுவேன்னு இவங்கள பயமுறுத்தி வச்சிக்கீறேன். அத்தொட்டுதான், நீங்க கேட்டதும் ஐயருதான் கேக்கறாருன்னு நெனச்சி பதில் சொல்லிட்டாங்க. தப்பு என்னுது சார்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. திரும்பிய முகங்கள் மறுபடி அம்முலு பக்கம் திரும்பின. அதிகாரியும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “சரி. கல்யாணத்துக்கு உங்களுக்கு என்ன ஆட்சேபணை?”

“பலாப்பயம் சார்.”

ஸ்ரீவித்யா தட்டச்சை நிறுத்தினாள். “சார், பயம்னு அடிக்கட்டுமா, பழம்னு அடிக்கட்டுமா?”

அதிகாரி தேவயானியைப் பார்த்தார். “எதும்மா? பயமா, பழமா?”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தேவயானி தொடர்ந்து பேசினாள். மைக் பிடித்துப் பழக்கமில்லாததால் பையை வாய்ப்பக்கமும் மைக்கைத் தொடைப்பக்கமும் வைத்துக்கொள்ள, ஸ்ரீவித்யா எழுந்து வந்து மாற்றிக் கொடுத்தாள். தை மாதத்தில் பலாப்பழம் மணந்ததை, மூன்று நிமிஷத்தில் குடல் வெளியே வந்ததை, பெரிய மகளுக்கு நடந்ததை எல்லாம் சொன்னாள். “இந்தப் பொண்ணு என் தலையப் புட்சிக்கினு வாயக் கயுவி வுட்டா. அப்டி ஒரு பொண்ண நான் எங்க போய்த் தேடுவேன்? ஆனா இந்தக் காத்துல அவ வயித்துல ஒரு புள்ள எப்டி சார் தங்கும்? அதான் வாணாம்னேன்.”

வேதகிரிக்குப் பொறுக்கவில்லை. “சார், இந்தம்மா தென்னேரி. இந்த ஊருக்கும் இவங்களுக்கும் சம்மந்தமே கெடையாது. ஏதோ மீன் வாடைய வச்சிக்கினு, காத்து சரியில்லன்றாங்க.”

“இது விரால். நாறாது. நீதான் சென்ட்டு அடிச்சிக்கினு கீற” என்றாள் தேவயானி.

அதிகாரி கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். “வெளியூர்க்காரங்களும் பேசலாம். ஆனா பதிவுக்கு ரெண்டு விஷயம் தெளிவா வேணும்மா. ஒண்ணு, உங்க ஆட்சேபணை கல்யாணத்துக்கா, கம்பெனிக்கா? ரெண்டு, இந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

தேவயானி திரும்பிப் பார்த்தாள். மகன் ஷாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசியைப் பார்த்த அன்றைக்குப் போலவே வெளிறி நின்றான். அம்முலு முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். ஷீபா மட்டும் நேராகப் பார்த்தாள். இது அத்தை மட்டும் பதில் சொல்லவேண்டிய கேள்வி என்பதுபோல.

உறவு இல்லை என்றால் வேதகிரி சொன்னது சரியாகிவிடும்; வழியோடு போகிறவள் வாந்தி எடுத்த கதையாகிவிடும். உறவு உண்டு என்று இந்த மைக்கில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை எந்த வாயால் ஆட்சேபணை சொல்வது? தேவயானி மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

“கம்பெனிக்கின்னு எயுதிக்குங்க” என்றாள். பிறகு, “உறவு, சம்மந்தி.”

காலனி எழுந்து கத்திய கத்தலில் ஷாமியானாவில் உட்கார்ந்திருந்த காக்கைகள் கிளம்பின. ஞானதாஸுக்கு என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. “இன்னா? இன்னா சொன்னாங்க?” என்று எல்லோரையும் கேட்டு, பீட்டர் அவர் காதில் கத்தியதும், கையிலிருந்த பேச்சுத் தாளை மேலே வீசி எறிந்துவிட்டார். பிறகு அதைப் பொறுக்க நாற்காலிகளுக்கு அடியில் தவழவேண்டியிருந்தது.

பொறுக்குகிற வரைக்கும் காத்திருக்காமல் அம்முலு மைக்குக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்போ முயிச்சிக்கினுதான் கீறேன் சார்” என்றாள். “ஆட்சேபணை கீது. திங்கக்கெயம மூட்டப்பூச்சி மருந்து. செவ்வாக்கெயம நெயில் பாலிஷ். ஞாயித்துக்கெயம பலாப்பயம். குட்டத் தண்ணியில காலு வச்சா அரிக்குது, மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது. எம்பொண்ணு எல்லாம் எயுதி வச்சிக்கீறா. நாத்தத்துக்குப் பேரு நாங்க வச்சிட்டோம். உள்ள இன்னா காச்சறாங்கன்னு அவங்க பேரு சொல்லட்டும். ஆறு வருசமா கேக்கறோம், சொல்ல மாட்டேன்றாங்க.”

மேனேஜர் தன் காகிதங்களைப் புரட்டினார். அதிகாரி ஷீபாவின் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சில பக்கங்களில் நெடுநேரம் நின்றார். “காற்றின் திசைகூட எழுதியிருக்கியேம்மா” என்றார். அதன் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்தது. சிட்டம்மாள் குஸ்கா வாசனையோடு பேசினாள். கடைசியில், தாளைக் கண்டுபிடித்துவிட்ட ஞானதாஸ், மைக் இல்லாமலே, “எங்களுக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு!” என்று முழங்கினார். அடுத்த வரி மறந்துபோயிற்று. அதையே இன்னொரு தடவை முழங்கினார். போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் குட்டைத் தண்ணீரும் புகைபோக்கிக் காற்றும் சோதனைக்கு எடுக்கப்படும், நோட்டோடு ஷீபாவும் உடன் இருக்கவேண்டும், உள்ளே என்னென்ன காய்ச்சுகிறார்கள் என்ற பட்டியலைக் கம்பெனி பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டவேண்டும், அதுவரை விரிவாக்கத்துக்குத் தான் பரிந்துரை செய்யப்போவதில்லை என்று அதிகாரி சொன்னார். கம்பெனியை மூடிவிடுவோம் என்று அவர் சொல்லவில்லை. யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஆறு வருஷத்தில் முதல்முறையாக, கேள்வி கேட்டவர்கள் பக்கம் ஒரு தாள் இருந்தது.

விதிப்படி அன்றைய நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். ஸ்ரீவித்யா நீட்டிய தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அதிகாரி படித்தார்.

“திருமதி அம்முலு, பாறைமேட்டுக் காலனி. தம் மகள் ஷீபாவுக்கும் தென்னேரி பீட்டருக்கும் நடைபெற உள்ள திருமணத்துக்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றும், எல்லாம் பேசி முடிக்கப்பட்டது என்றும் தெரிவித்தார். திருமதி தேவயானி, தென்னேரி, மேற்படி அம்முலுவின் சம்பந்தி. தை மாதத்தில் வீசும் பலாப்பழ வாசனை குறித்துக் கடும் ஆட்சேபணை தெரிவித்தார்.” அம்முலு பிறகு சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். “திருத்தம் ஏதும் உண்டா?”

“ஒண்ணு கீது சார்” என்று தேவயானி எழுந்தாள்.

அம்முலு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தேவயானி அந்தக் கையைத் தட்டிவிட்டு, பிறகு அதையே பிடித்துக்கொண்டாள்.

“தேதி எயுதலியே. பிப்ரவரி பன்னெண்டு, காலைல பத்தர மணி.”

அதிகாரி ஸ்ரீவித்யாவைப் பார்த்தார். அவள் சிரித்தபடியே தட்டச்சு செய்தாள்.

“அப்பறம் மூணாவது ஓல எதுக்குமே?” என்றாள் சிட்டம்மாள். “மைக்கு வச்சி, வீடியோ எடுத்து, கவர்மெண்டே படிச்சிட்டாங்க.”

இதையெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உபதேசியாருக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்று, “அதெல்லாம் செல்லாது. ஞாயித்துக்கெழம எல்லாரும் கோயிலுக்கு வந்துடணும். நான் கேப்பேன்” என்றார்.

“கேளு ஐயரே, வரேன்” என்றாள் தேவயானி. “நீ எவ்ளோ நேரம் பாத்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”